சங்கத்துக்காரரைப் போலீஸ் கூட்டிப்போனால்: செட்டிநாட்டிலிருந்து ஜெனீவா வரை ஒரு முழுமையான வழிகாட்டி

புதுவயல் பக்கம் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ஒரு சங்கச் செயலாளரின் மனைவி, ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு எனக்குப் போன் செய்தார். "அண்ணே, சாதா உடுப்புல ரெண்டு பேர் வந்தாங்க. ஐயா கூப்பிடுறாரு, பேசிட்டு அனுப்பிடுவோம்னு சொல்லி இவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க." குரல் நடுங்கியது, ஆனால் அழவில்லை. "வண்டி நம்பரையும் மணியையும் மகளோட கணக்கு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்" என்றார்.

மறுநாள் மாலை நீதிமன்றத்தில் போலீஸ் கொடுத்த தாளில், அன்று காலை எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் பிடித்ததாக இருந்தது. வக்கீல் அந்தக் கணக்கு நோட்டை எடுத்து நீட்டினார். இரவு எங்கே இருந்தீர்கள் என்று நடுவர் செயலாளரையே கேட்டார். பதிலை உத்தரவில் எழுதினார். அந்த ஒரு வரி பிறகு ஜாமீனுக்கும் உதவியது, மேல் நீதிமன்றத்துக்கும் உதவியது.

பல வருடமாகச் சங்க வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான். கைதானவரை வெளியே கொண்டுவருவது முதல் இரவில் யாரோ எழுதி வைத்த குறிப்பு. ஜெனீவாவில் உட்கார்ந்து உலகம் முழுக்க வரும் புகார்களைப் படிக்கிற, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழுவுக்கும் அதே குறிப்புதான் தேவை. கோஷமும் வேண்டும், கூட்டமும் வேண்டும். ஆனால் தேதி, மணி, பெயர் இல்லாவிட்டால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. இதை மனதில் வைத்து, வரிசையாக என்ன செய்ய வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன். வக்கீல் செய்ய வேண்டியதை வக்கீல்தான் செய்ய வேண்டும். அவர் வந்து சேர்வதற்கு முன்பும், அவர் போன பிறகும் நாம் செய்ய வேண்டியவை இவை.

படி 1: கைதுக்கு முன்பே ஒரு கோப்பு

கண்டாங்கிச் சேலை நெய்கிறவர்கள், ஆத்தங்குடிக் கல் போடுகிற பட்டறைத் தொழிலாளர்கள், வீடு புதுப்பிக்கிற கொத்தனார், சித்தாள்கள், நகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் என்று நம் பக்கம் இருப்பவை பெரும்பாலும் சின்னச் சங்கங்கள். பலவற்றில் தீர்மானப் புத்தகமே கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு. நெருக்கடி வந்தால் இது பெரிய பள்ளமாகிவிடும். ஒருவர் சங்க நிர்வாகி என்பதையே நிரூபிக்க முடியாவிட்டால், அவர் சங்க வேலைக்காகக் கைதானார் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே ஒரு கோப்பு போடுங்கள். சங்கப் பதிவுச் சான்றிதழ், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தின் தீர்மானம், இப்போதைய நிர்வாகிகள் பட்டியல், நிர்வாகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் கொடுத்த மனுக்கள், அவை பெறப்பட்டதற்கான முத்திரை அல்லது அஞ்சல் ஒப்புகை. எல்லாவற்றிலும் இரண்டு நகல். ஒன்று சங்க அலுவலகத்தில், இன்னொன்று போராட்டத்தில் முன்னால் நிற்காத ஒருவரின் வீட்டில்.

வேலைநிறுத்தம் என்றால் இன்னும் கவனம் தேவை. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமும் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமும் இருந்த இடத்தில் இப்போது அதுதான் இருக்கிறது. எந்தத் தொழில் நிறுவனமாக இருந்தாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தமாகவே கணக்கிடப்படும். "லீவுதானே போட்டோம்" என்று இனிச் சொல்ல முடியாது. சங்க நோக்கத்துக்காகக் கூடிப் பேசியதையே குற்றச் சதி என்று வழக்குப் போட முடியாது என்ற பழைய பாதுகாப்பு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. ஆனால் அது பதிவு பெற்ற சங்கத்துக்குத்தான். பதிவு செய்யாமல் இருப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவாவது பதிவு செய்துவிடுங்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்றும் உண்டு. அக்டோபரில் மருது பாண்டியர் நினைவு நாள், தேவர் குருபூஜை என்று வரிசையாக வரும்போது, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் தடையுத்தரவு போடுவது வழக்கம். அந்த நாட்களில் காரைக்குடி ஐந்து விளக்கில் சும்மா பத்துப் பேர் நின்றாலும் தடையை மீறியதாக வழக்கு வரலாம். ஆர்ப்பாட்டத் தேதி குறிக்கும்போது இதையும் பாருங்கள்.

கடைசியாக, போன் எண்கள். ஸ்டேஷனில் முதலில் கையை விட்டுப் போவது செல்போன். வக்கீல் இருவர், சங்க மாவட்டத் தலைவர், வீட்டார் எண்களைத் துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். மனப்பாடமாக ஒரு எண்ணாவது தெரிந்திருக்க வேண்டும்.

படி 2: எந்த வகைக் கைது என்று பாருங்கள்

"அரெஸ்ட் பண்ணிட்டாங்க" என்று போன் வந்ததும் ஓடுவதற்கு முன், இது எந்த வகை என்று கேளுங்கள். செய்ய வேண்டியது வகைக்கு வகை மாறும்.

முதல் வகை நம் எல்லோருக்கும் பழக்கமான மண்டபக் கைது. மறியல் செய்தவர்களை வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, மதியம் சாப்பாடு கொடுத்து, மாலையில் விட்டுவிடுவார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 170, 172ஆம் பிரிவுகளில் இதற்கு இடம் இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. மாலையில் விட்டாலும் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொள்வார்கள். அதை வைத்துப் பிறகு வழக்குப் பதிவாகியிருக்கலாம். வீட்டுக்கு வந்த மறுநாளே எஃப்.ஐ.ஆர். உண்டா என்று விசாரித்துவிடுங்கள்.

இரண்டாவது, வழக்குப் பதிவு செய்து ரிமாண்டுக்கு அனுப்புவது. சட்டவிரோதமாகக் கூடியது, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது, மிரட்டியது, வழிமறித்தது, பொதுச்சொத்துக்குச் சேதம் என்று பிரிவுகள் வரும். மூன்றாவது, கோட்டாட்சியர் முன் நிறுத்தி நன்னடத்தைப் பிணை கேட்பது. நான்காவதுதான் கொடியது: விசாரணையே இல்லாமல் அடைத்துவைக்கிற தடுப்புக்காவல். அதற்குத் தனியாகக் கீழே ஒரு படி இருக்கிறது.

ஐந்தாவதாகவும் ஒன்று உண்டு. சட்டத்தில் அதற்குப் பெயர் இல்லை. "விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம்" என்று கூட்டிப்போய் எந்தப் பதிவேட்டிலும் எழுதாமல் உட்காரவைப்பது. புதுவயல் தோழருக்கு நடந்தது அதுதான். மிக வேகமாகச் செயல்பட வேண்டியது இந்த வகையில்தான்.

படி 3: முதல் ஒரு மணி நேரம்

எழுதுங்கள். வந்தவர்கள் எத்தனை பேர், சீருடையா, சட்டையில் பெயர்ப்பட்டை இருந்ததா, வண்டி எண், எத்தனை மணி, என்ன காரணம் சொன்னார்கள், பார்த்த அண்டை வீட்டுக்காரர் யார். முகப்பில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்திருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள். எழுதிய தாளைப் போட்டோ எடுத்து உடனே மூன்று பேருக்கு அனுப்புங்கள். அனுப்பிய நேரம் போனிலேயே பதிவாகிவிடும். பிறகு எழுதிச் சேர்த்தது என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்து, இரண்டு பேராக ஸ்டேஷனுக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், ஐம்பது பேராகவும் போக வேண்டாம். இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், சொன்னவர் யார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கைதானவர்கள் விவரத்தைச் சொல்வதற்கென்றே ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒரு அதிகாரி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பிறகு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும், காவல் கண்காணிப்பாளருக்கும், சிவகங்கை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் தகவல் கொடுங்கள். சட்ட உதவிக்கான இலவச எண் 15100. காவலில் இருப்பவருக்கும் தொழிலாளருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் பெற உரிமை உண்டு.

எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். அந்த மனுவில் முதல் பக்கத்தில் வரப்போவது நீங்கள் எழுதி வைத்த அந்த நேரமும் வண்டி எண்ணும்தான்.

படி 4: உள்ளே இருப்பவருக்கு என்ன உரிமை

இதை எல்லா உறுப்பினர்களும் கைதாவதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

என்ன காரணத்துக்காகக் கைது என்று உடனே சொல்ல வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு தரும் உரிமை. விருப்பமான வக்கீலைப் பார்க்கலாம் என்பதும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. கைதுக் குறிப்பு ஒன்று எழுதி, வீட்டாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட, கைதானவரும் கையெழுத்திட வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளில் வந்தது இது. இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது நேரத்தைப் பாருங்கள். தவறாக இருந்தால், உண்மையான நேரத்தைப் பக்கத்தில் உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் போடாதீர்கள்.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால் உடனே கைது செய்யத் தேவையில்லை. விசாரணைக்கு வரச்சொல்லி அறிவிப்புக் கொடுத்தாலே போதும். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. ஆர்ப்பாட்ட வழக்குகளில் போடும் பிரிவுகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் வரும். அறுபது வயதைத் தாண்டியவரையும் உடல்நலம் இல்லாதவரையும், மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள வழக்கில் கைது செய்ய டி.எஸ்.பி.யின் முன்அனுமதி வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியாத நேரத்தில் பெண் காவல் அதிகாரி, நடுவரிடம் முன்அனுமதி பெற்றுத்தான் செய்ய வேண்டும். தூய்மைப் பணியாளர் சங்கங்களில் முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் அக்காக்கள்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை 2025 ஆகஸ்ட் 13 இரவில்தான் அப்புறப்படுத்தினார்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருந்துச்சீட்டோடு மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்க மறுத்தால் அதையும் நேரத்தோடு எழுதுங்கள்.

படி 5: நடுவர் முன்னால்

இங்கே பலர் தவறவிடுகிறார்கள். பயத்தில் தலையைக் குனிந்துகொண்டு, "ஏதாவது சொல்லணுமா?" என்று நடுவர் கேட்டால் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அடித்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள். எந்த நேரத்தில் பிடித்தார்கள், வீட்டுக்குத் தகவல் கொடுத்தார்களா, வக்கீலைப் பார்க்கவிட்டார்களா என்பதையும் சொல்லுங்கள். காயம் இருந்தால் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவு கேளுங்கள். "நான் இன்ன சங்கத்தின் இன்ன பொறுப்பில் இருக்கிறேன். இன்ன கோரிக்கைக்காகப் போராடினோம்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி, பதிவு செய்யுமாறு வக்கீல் மூலம் கேளுங்கள். ஆறு மாதம் கழித்து, இது சங்க விவகாரமே இல்லை என்று எதிர்த்தரப்பு சொன்னால், நீதிமன்ற ஆவணத்திலேயே பதில் இருக்கும்.

படி 6: ரிமாண்டும் ஜாமீனும்

வக்கீலை அமர்த்தும் வக்காலத்தில் சிறைக்குள் இருப்பவரின் கையெழுத்தை வாங்கி, அதற்குச் சிறை அதிகாரியின் சான்றும் வாங்க வேண்டும். மதுரைச் சிறைக்கு அலைய வேண்டியிருக்கும் என்பதால் ஒருவரை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். மனுப் போட்டுப் பார்க்கப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் உடல்நிலை, சாப்பாடு, மிரட்டல் ஏதாவது உண்டா என்று கேட்டு, வெளியே வந்ததும் எழுதிவிடுங்கள்.

ஜாமீன் கிடைத்தும், பிணை நிற்க ஆள் கிடைக்காமல் நாலு நாள் உள்ளே கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மனதை அறுக்கிற விஷயம். சொந்த வீட்டு வரி ரசீதும் ஆதாரும் உள்ள பத்துப் பேரின் பட்டியலை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். 60 நாளில், பெரிய குற்றச்சாட்டு என்றால் 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே வந்துவிடும். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

படி 7: தடுப்புக்காவல் என்றால்

நம் ஊர்ப் பேச்சில் குண்டாஸ். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆம் சட்டம். மாவட்டங்களில் கலெக்டர் உத்தரவிடுவார். 12 மாதம் வரை விசாரணை இல்லாமல் வைத்திருக்க முடியும். சங்கத் தலைவரை இதில் போட்டால் நாட்களை எண்ண ஆரம்பியுங்கள். உத்தரவுக்கு 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள், காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். காரணங்களை, அவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும். மறுப்பு மனு கொடுக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 22(5)ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த மனுவை உடனே கொடுங்கள். அதைப் பரிசீலிக்கத் தாமதம் செய்தார்கள் என்பதற்காகவே நீதிமன்றங்கள் பல உத்தரவுகளை ரத்து செய்திருக்கின்றன. தமிழ் தெரிந்தவருக்கு ஆங்கிலத் தாளை மட்டும் கொடுத்தார்கள், படிக்க முடியாத நகல் கொடுத்தார்கள் என்பதும் காரணமாக நின்றிருக்கிறது. ஆகவே கொடுத்த கட்டை அப்படியே பாதுகாத்து வையுங்கள். ஒரு பக்கமும் தொலையக் கூடாது.

படி 8: ஜெனீவா ஏன்?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். "வெளிநாட்டில் போய் நம்ம அரசாங்கத்தைப் பற்றிச் சொல்வதா?" என்று சங்கத்துக்குள்ளேயே கேட்பார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. 1919இல் தொடங்கியபோதே இந்தியா உறுப்பினர். 1922 முதல் அதன் ஆட்சிக் குழுவில் நிரந்தர இடம் வைத்திருக்கிறது. அங்கே அரசுகளும் முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். நம் அரசு தானே ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மேசையில் நாம் ஒரு காகிதம் வைக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தப் பாதுகாப்பு யாரும் சும்மா கொடுத்தது அல்ல. தூத்துக்குடியில் 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற வ.உ.சி.யை மார்ச் 12இல் கைது செய்தார்கள். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதன் தலைவர் வாடியா மீது பக்கிங்ஹாம் கர்னாட்டிக் மில் நிர்வாகம் போட்ட வழக்கும், சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தடையும்தான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கான கோரிக்கையைக் கிளப்பின.

நம் பக்கத்துக்காரர்கள் மறக்கக் கூடாத இன்னொருவர் உண்டு. பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து மலாயாவுக்குப் போன எஸ்.ஏ. கணபதி. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தார். அவசர நிலைக் காலத்தில் ஆயுதம் வைத்திருந்ததாக வழக்குப் போட்டு, 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். தொழிலாளர் கூட்டுப்பேர உரிமைக்கான 98ஆம் உடன்படிக்கை ஜெனீவாவில் நிறைவேறியது அதே ஆண்டு ஜூலை 1. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வட்டிக்கடைக்கும் தோட்டத்துக்கும் நம் ஊர்களிலிருந்து கப்பல் ஏறிப்போன அதே மலாயா. அந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சங்கம் அமைக்கும் சுதந்திரத்துக்கான 87ஆம் உடன்படிக்கை 1948இல் வந்தது. இந்த 87ஐயும் 98ஐயும் இந்தியா இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை, அதாவது கட்டுப்படுவதாக முறைப்படி ஒப்புக்கொள்ளவில்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகளோடு மோதும் என்பது அரசு சொல்லிவரும் காரணம். "அப்படியானால் நமக்கு என்ன பயன்?" என்று கேட்கலாம். ஐ.எல்.ஓ. 1951இல் சங்கச் சுதந்திரக் குழு என்ற ஒன்றை அமைத்தது. உடன்படிக்கையை ஏற்காத நாட்டின் மீதும் அங்கே புகார் கொடுக்கலாம். உறுப்பினராக இருப்பதே அந்த அடிப்படை உரிமைகளை மதிக்கக் கட்டுப்படுத்தும் என்று 1998ஆம் ஆண்டின் பிரகடனமும் சொல்கிறது. விவசாயத் தொழிலாளர் என்றால் இன்னும் வலு அதிகம். அவர்கள் சங்க உரிமைக்கான 1921ஆம் ஆண்டின் 11ஆம் உடன்படிக்கையையும், கிராமப்புறத் தொழிலாளர் அமைப்புகளுக்கான 141ஆம் உடன்படிக்கையையும் இந்தியா ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கைது பற்றி இந்தக் குழு பல்லாண்டாகச் சொல்லிவருவதைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். தொழிலாளர் நலனுக்கான வேலைக்காகத் தலைவர்களை அடைத்துவைப்பது சங்க உரிமையில் கடுமையான தலையீடு. அமைதியான வேலைநிறுத்தத்தை நடத்தியதற்காகவோ கலந்துகொண்டதற்காகவோ யாருடைய சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. சங்கத்தில் இருப்பதால் சாதாரணக் குற்றச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடையாது. ஆனால் கைது சங்க வேலைக்காக அல்ல என்று காட்ட வேண்டிய பொறுப்பு அரசுடையது.

அதனால் உடனே கதவு திறந்துவிடுமா? இல்லை. அந்தக் குழுவிடம் போலீசும் இல்லை, சிறைச் சாவியும் இல்லை. போலந்தில் 1981 டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் போட்டு சாலிடாரிட்டி சங்கத்தாரை ஆயிரக்கணக்கில் அடைத்தார்கள். ஐ.எல்.ஓ. விசாரணை ஆணையம் அமைத்தது. கோபத்தில் போலந்து அரசு விலகப்போவதாக அறிவித்தது, ஆனால் விலகவில்லை. 1989இல் அந்தச் சங்கம் மறுபடி சட்டபூர்வமானது. பெலாரசில் 2022 ஏப்ரல் 19 அன்று சுயேச்சைச் சங்கங்களின் தலைவர்களை வளைத்துப் பிடித்தார்கள். அவர்களில் அலெக்சாண்டர் யாரஷுக், ஐ.எல்.ஓ. ஆட்சிக் குழுவிலேயே உறுப்பினர். அவருக்கு நான்கு ஆண்டுத் தண்டனை கொடுத்தார்கள். 2023 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, மிக அரிதாகவே கையிலெடுக்கும் ஐ.எல்.ஓ. சாசனத்தின் 33ஆம் பிரிவைப் பயன்படுத்தி அந்த நாட்டின் மீது நடவடிக்கைக்குத் தீர்மானம் போட்டது. மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் உள்ளே இருப்பவரை உலகம் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அரசும் ஒவ்வொரு சுற்றிலும் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

படி 9: புகாரை எழுதுவது

தனி ஆள் அனுப்ப முடியாது. நேரடித் தொடர்புள்ள தேசியத் தொழிலாளர் அமைப்போ சர்வதேசச் சம்மேளனமோ அனுப்ப வேண்டும். நம் ஊர்ச் சங்கம் எந்த மத்தியச் சங்கத்தோடு இணைந்திருக்கிறதோ அவர்கள் வழியாகப் போவதே நல்லது. எச்.எம்.எஸ்., ஐ.என்.டி.யு.சி., சேவா ஆகியவை சர்வதேசத் தொழிற்சங்கக் கூட்டமைப்பில் இருக்கின்றன. ஏ.ஐ.டி.யு.சி.யும் சி.ஐ.டி.யு.வும் உலகத் தொழிற்சங்கச் சம்மேளனத்தில் இருக்கின்றன. எதிலும் இல்லாத சங்கம் என்றால் மாவட்டத்தில் உள்ள இவர்களில் ஒருவரிடம் போய்ப் பேசுங்கள். கைது விஷயத்தில் கொடி வேறுபாடு பார்க்காமல் உதவியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புகார் எழுத்தில், கையெழுத்தோடு, ஆதாரத்தோடு ஐ.எல்.ஓ. தலைமை இயக்குநருக்குப் போக வேண்டும். தமிழில் எழுதி முடித்துவிட்டு, அப்புறம் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். நம் மொழியில் எழுதினால்தான் விவரம் விட்டுப்போகாது. இந்த வரிசையில் எழுதினால் படிப்பவருக்குப் புரியும்:

சங்கம் எது, எத்தனை உறுப்பினர், எப்போது பதிவானது. கோரிக்கை என்ன, எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தோம். வேலைநிறுத்த அறிவிப்பு எப்போது. அதற்குப் பிறகு நடந்தது நாள்வாரியாக. கைதானவரின் பெயர், சங்கத்தில் பொறுப்பு, பிடித்த நாள், நேரம், இடம். சொன்ன காரணம், போட்ட பிரிவுகள். நீதிமன்றத்தில் நடந்தது. இப்போது எங்கே இருக்கிறார், உடல்நிலை எப்படி. நாம் கேட்பது என்ன: விடுதலை, வழக்கு வாபஸ், தாக்கியவர்கள் மீது சுயேச்சையான விசாரணை, வேலையில் மறுபடி சேர்ப்பது.

கோரிக்கை மனுவின் தேதிக்கும் கைதுத் தேதிக்கும் உள்ள இடைவெளியைத் தெளிவாகக் காட்டுங்கள். திங்கட்கிழமை போனஸ் மனு, புதன்கிழமை கைது என்றால் அந்த இரண்டு தேதியே பேசும். வசைச் சொற்களும் கட்சி அரசியலும் வேண்டாம். நீங்கள் நேரில் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். நம் பக்கம் யாராவது கல் எறிந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். அரசின் பதிலில் அது கண்டிப்பாக வரும். அப்போது மீதி உண்மையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

புகாரின் நகல் அரசுக்கு அனுப்பப்படும். ஆகவே பெயர் சேர்ப்பதற்கு முன் கைதானவரிடமும் குடும்பத்திடமும் சம்மதம் கேளுங்கள். உயிரோ தனிமனித சுதந்திரமோ சம்பந்தப்பட்ட புகார்களை அவசர வகையில் எடுத்துக்கொள்வார்கள். குழு ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. உள்ளூர் நீதிமன்ற வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் போகலாம்.

படி 10: மற்ற கதவுகள்

ஐ.நா.வில் தன்னிச்சைக் காவலுக்கான செயற்குழு ஒன்று 1991 முதல் இருக்கிறது. ஐந்து வல்லுநர்கள். அங்கே சங்கம்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை, குடும்பத்தாரே அனுப்பலாம். அதற்கென்று கேள்விப் படிவம் இருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் அவசர முறையீடும் செய்யலாம். அமைதியாகக் கூடுவதற்கும் சங்கம் சேர்வதற்குமான உரிமைக்குத் தனியாக ஒரு சிறப்பு அறிக்கையாளரும் உண்டு. இந்தியா 1979இல் ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 9ஆம், 22ஆம் பிரிவுகளை இவர்களுக்கு எழுதும்போது குறிப்பிடுங்கள். உள்நாட்டில் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு, நடந்து ஓராண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

படி 11: வளைகுடாவில், சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகள்

நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். சம்பளம் தரவில்லை என்று கம்பெனி முகாமில் வேலையை நிறுத்தினால் சில நாடுகளில் அதுவே குற்றம். பிடித்து வைத்துவிட்டார்கள் என்று தகவல் வந்தால், 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கைப்படி இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. இதை அவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். இங்கிருந்து நீங்கள் வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளத்தில் பதிவு செய்து, அயலகத் தமிழர் நலத் துறைக்கும் எழுதுங்கள். பாஸ்போர்ட் நகல், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் போட்டோ வீட்டில் ஒருவர் போனில் எப்போதும் இருக்கட்டும். போகும்போதே வாங்கி வைத்துவிடுங்கள், தம்பி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

படி 12: வெளியே வந்த பிறகு

மாலை போட்டு வரவேற்றதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்துதான் குடும்பத்தின் கஷ்டம் ஆரம்பிக்கிறது. நிபந்தனை ஜாமீனில் தினமும் காலை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதனால் வேலைக்குப் போக முடியாது. அந்த நாட்களின் கூலியைச் சங்கம் கொடுக்கிறதா என்று கேளுங்கள். நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுப் போடுங்கள். ஒரு நாள்கூடக் கையெழுத்து விட்டுப்போகக் கூடாது. ஜாமீனை ரத்து செய்ய அதுவே போதும். போட்ட கையெழுத்தின் தேதி, நேரத்தை நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஜெனீவாவுக்குப் புகார் போயிருந்தால் அங்கே கோப்பு திறந்தே இருக்கும். விடுதலையானார், வழக்கு நிலுவையில் இருக்கிறது, வேலையில் இன்னும் சேர்க்கவில்லை என்று ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி அனுப்புங்கள். தீர்ப்பு வந்தால் அதன் நகலையும் அனுப்புங்கள். அரசிடமும் அவர்கள் அதைத்தான் கேட்பார்கள். நம் நகல் முதலில் போய்ச் சேரட்டும். புதுவயல் தோழரின் வழக்கு முடிந்த அன்று அந்தக் கணக்கு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். மகளின் பெருக்கல் கணக்குக்கு நடுவில் அந்த ஒரு பக்கம் மட்டும் அம்மாவின் கையெழுத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சங்கக் கோப்பில் சேர்க்க ஒரு நகல் எடுத்துக்கொண்டோம்.